பட்டாணி போட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளுக்கோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. கட்டட வரைபடம் போடும் பெரிய அலுவலகம் அது. விரல்கடை முன்னே பின்னே இருந்தால் கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் கைகழுவும் இடத்தில் இவள் மட்டும் கழுவமாட்டாள். கதவு திறந்தால் அலமாரியில் இடிக்குமா, மாடிப்படி ஏறுகிற உயரமான ஆளின் தலை தப்புமா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் காற்று போக நாலு விரல் இடம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவுநாடா இருக்கும். வருங்கால மாமியார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றே, குளியலறைக் கதவு தப்பான பக்கம் திறக்கிறது என்று சொல்லி வைத்தாள். மாமியார் அதை இன்றுவரை மறக்கவில்லை. கதவை மட்டும் அடுத்த மாதமே மாற்றிவிட்டார்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. வீடு கட்டித்தரக் கேட்டு வருகிறவர்களிடம் 'என்ன வேணும்' என்று அவள் கேட்கமாட்டாள். கேட்டால் யாரும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் பார்த்ததைச் சொல்கிறார்கள் என்பது அவள் கட்சி. அதற்குப் பதிலாக, இப்போது இருக்கும் வீட்டில் ஒரு நாள் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். யார் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், எந்த நாற்காலியில் துணி மலையாகக் குவிகிறது, சண்டை எந்த அறையில் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு தம்பதி பத்துப் பேர் சாப்பிடும் மேஜை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். மேஜைக்காகச் சமையலறையைச் சுருக்கினாலும் பரவாயில்லை என்றார்கள். அவள் போய் உட்கார்ந்த நாளில் குடும்பமே டீவி முன்னால் தரையில் தட்டு வைத்துத்தான் சாப்பிட்டது, மூன்று வேளையும்.

அந்தப் பழக்கத்தில்தான் முதலாளியோடு முட்டிக்கொண்டது. மனிதர் கெட்டவர் இல்லை. வாயில் எப்போதும் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டே பேசுவார். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எவரும் கூலி தரமாட்டார்கள், இனி யார் வீட்டிலும் போய் உட்காரக் கூடாது என்றார். அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வாசல்வரை கூடவே வந்து வழியனுப்பியவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"உன் நாற்காலிய நான் யாருக்கும் தரமாட்டேன். அங்கயேதான் கிடக்கும். இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள நீயே வந்து உட்காருவ, பாரு."

அன்பாகச் சொன்னாரா குத்தலாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். எப்படியானாலும் அந்த நாற்காலி அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சொந்தமாக வந்த முதல் வேலை ஒரு பல் டாக்டருடையது. பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் பல வருடமாக மருத்துவமனை நடத்துகிற அம்மாள், மாடியையும் சேர்த்துப் பெரிதாக்க நினைத்தார். மில்லிமீட்டர் வழக்கம்போல ஒரு நாள் காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே இயந்திரம் 'ஙொய்ய்' என்று பல்லைக் குடையும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் இருக்கிற பெரிய மனிதர்கள்கூட ஓரமாக நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தாள். உதவிக்கு இருக்கும் பெண் கையில் தட்டோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்தே தேய்ந்து போவதைப் பார்த்தாள். கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறையை வீட்டின் நடுவில் கொண்டுவந்தால் சத்தம் பெஞ்சுவரை எட்டாது, அந்தப் பெண்ணின் நடையும் குறையும் என்று வழி கண்டுபிடித்தாள். டாக்டருக்கு யோசனை பிடித்தது. ஆனால் வரைபடத்தைக் காட்டினால் அந்த அம்மாள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"எனக்கு வாயைத் திறந்து காட்டினாத்தான் புரியும். கோடு போட்டா புரியாது. உள்ள நடந்து பார்க்கிற மாதிரி காட்டுங்க. அந்தப் பெரிய ஆபீஸ்லயும் கேட்டிருக்கேன். சனிக்கிழமை காலைல முடிவு பண்ணிடலாம்."

அந்தப் பெரிய ஆபீஸ் எது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இதில் கைவசம் இருந்ததோ ஒரு கிழட்டு லேப்டாப். கட்டடத்தின் உருவத்தை அதில் ஏற்றிக் கொஞ்சம் திருப்பினால் போதும், மூக்கால் அழும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் விமானம் கிளம்புகிற சத்தம் போட்டு உறைந்துவிடும். பேக்கரியில் விடியற்காலை வேலை பார்த்துவிட்டு மதியம் வந்து தூங்கும் கணவர், அந்தச் சத்தத்தில் எழுந்து வந்து ஒரு நாள் அமைதியாகச் சொன்னார். "ஃப்ரிட்ஜ் வாங்க வெச்சிருக்கிறத எடுத்துக்க. ஃப்ரிட்ஜ் கதவ நான் இன்னும் கொஞ்ச நாள் கயிறு போட்டுக் கட்டிக்கிறேன்."

ஆக ஃப்ரிட்ஜ் விலைக்குள் ஒரு கம்ப்யூட்டர் அமைய வேண்டும். கடையில் தயாராக நிற்பது எதுவும் அந்த விலைக்குக் கட்டிவராது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பதுதான் வழி. அவள் இணையத்தில் தேடினாள். தேடிய மாத்திரத்தில் ஊரே வாயைத் திறந்தது. இந்த ப்ராசஸர் வாங்காதவன் முட்டாள் என்று ஒருவர், அதை வாங்கியவன்தான் முட்டாள் என்று கீழேயே இன்னொருவர். எதைத் தொட்டாலும் அடுத்த மாதம் அதைவிட நல்லது வரப்போவதாகப் பயமுறுத்தினார்கள். ராத்திரி படுத்தால் கனவில் விசிறிகள் சுற்றின. மாடிப்படிக்கு எத்தனை படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு, இத்தனூண்டு பெட்டிக்குள் என்ன போடுவது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்போதுதான் கொழுந்தன் களத்தில் இறங்கினான். லிஃப்ட் மெக்கானிக், கல்யாணம் ஆகாதவன், லீவு நாளெல்லாம் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. அவனுடைய தீர்ப்பு ஒரே வரிதான்: பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் படத்தைக் காட்டுவதே அந்தக் கார்டுதான், படம் காட்டுவதுதானே அண்ணியின் தொழில், அப்புறம் என்ன யோசனை? அண்ணியைக் கையோடு கடைக்கு அழைத்துப் போனான்.

ஃபோனும் கம்ப்யூட்டரும் விற்கிற கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கூரைவரை அட்டைப்பெட்டி அடுக்கிய கடை. ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். மில்லிமீட்டர் பழக்கதோஷத்தில் நடைவழியைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, தீப்பிடித்தால் எப்படி வெளியே போவது என்று யோசித்தாள். கடைக்காரர் செங்கல் மாதிரி ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். இதைப் போட்டால் சும்மா பறக்கும் என்றார். கொழுந்தன் அதைப் பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

ஒரே ஒரு சின்ன விஷயம். இதை வாங்கினால் மிச்சத்தையெல்லாம் குறைக்க வேண்டும். மெமரி பாதி போதும், பழைய திரையை வைத்துக்கொண்டே சமாளிக்கலாம், மின்சாரம் கொடுக்கும் பெட்டி பேர் தெரியாத கம்பெனியுடையது என்றாலும் ஓடும் என்று கடைக்காரர் சுருக்கிக்கொண்டே போனார். அவள் தலையாட்டிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள். கை பாதி உள்ளே போனபோது, மேஜைக்காகச் சமையலறையைச் சுருக்கச் சொன்ன அந்தத் தம்பதியின் முகம் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் தம்பதியாக இப்போது தானே நிற்பது அவளுக்கு உறைத்தது.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். கொழுந்தனுக்கு முகம் தொங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

"என்னை நம்பலையா அண்ணி?"

"உன்னை நம்புறேன் தம்பி. என்னைத்தான் நம்பல. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல. நாளைக்கு உனக்கு லீவுதானே? நான் வேலை செய்யும்போது பின்னால உட்கார்ந்து என்னைப் பாரு. ஒண்ணும் பேசக் கூடாது. சும்மா பார்க்கணும்."

"உங்கள வேடிக்கை பார்க்கணுமா?"

"ஆமா. ஆபீஸ்ல இதுக்குத்தான் சண்டை போட்டுட்டு வந்தேன்."

மறுநாள் காலை, அவள் சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். சொந்த அலுவலகத்தில் இன்னும் நாற்காலி கிடையாது. பின்னால் கட்டில் ஓரத்தில் கொழுந்தன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பை நிறையக் காய்ந்த பட்டாணியும் மூன்று டம்ளர்களும். இயந்திரம் அவளைக் காக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டாணி போட வேண்டும். ரொம்ப நேரம் காக்க வைத்தால் ஒரு பிடி. பல கோப்புகளை ஒன்றாகத் திறந்து வைத்து மெமரி போதாமல் திணறினால் முதல் டம்ளர். கட்டடத்தைத் திருப்பும்போது ப்ராசஸர் பின்தங்கினால் இரண்டாவது. வெளிச்சமும் நிழலுமாக முழுப்படத்தைத் தீட்டுகிற வேலை, ரெண்டரிங் என்பார்களே, அதற்கு மூன்றாவது. எந்தப் பாகம் மூச்சுவாங்குகிறது என்று காட்டும் சின்ன ஜன்னலைத் திரை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கொழுந்தன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். துப்பாக்கி விளையாட்டில்கூட அவன் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

'டொக்', 'டொக்' என்று காலை முழுக்கப் பட்டாணி விழுந்தது. முதல் டம்ளர் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நிரம்பி வழிந்து, அதற்குத் துணையாக ஒரு கிண்ணம் வந்தது. இரண்டாவது டம்ளரும் நன்றாகவே ஏறியது. மூன்றாவதில் அடி மறைகிற அளவுக்குக்கூட இல்லை. ஏனென்றால் ரெண்டரிங்கை அவள் தட்டிவிட்டுச் சமைக்கப் போய்விடுவாள். அடுப்பில் இருப்பது வேகிறவரை பக்கத்திலேயே நின்று கையைப் பிசைகிற வழக்கம் அவளுக்கு இல்லை, இதுவும் அப்படித்தான். எந்தப் பெரிய கார்டு வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்களோ, அது ரெண்டரிங்கில் மிச்சப்படுத்தப் போகிற நேரத்தில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எழுந்து திரும்பியபோது கொழுந்தனின் காலடியில் நான்காவதாக ஒரு டீ கப்பும் இருந்தது. விளிம்புவரை பட்டாணி.

"இது என்னடா?"

"மெஷின் சும்மா இருந்தது, நீங்களும் சும்மா இருந்தீங்க. ஜன்னல் வழியா எதிர்வீட்டு மொட்டைமாடியப் பார்த்தீங்க, உங்க அம்மா ஃபோன் பண்ணினாங்க, ரெண்டு தடவை போய் ஃப்ரிட்ஜ் கயிறு சரியா இருக்கான்னு பார்த்தீங்க. இதுக்கு எந்த பார்ட் அண்ணி வாங்கறது?"

அவள் சிரித்துவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் விசிறிச் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, பட்டாணியைப் பார்த்து, சாப்பாடு ஆயிற்றா என்று மட்டும் கேட்டார்.

அதற்குமேல் குழப்பம் இல்லை. கட்டடத்தைத் திருப்புகிற வேலையை ப்ராசஸருக்குள் இருக்கும் பல மூளைகளில் ஒன்றே ஒன்றுதான் இழுக்கிறது. ஆகவே பதினாறு மூளை வேண்டாம், இருக்கிற சில மூளைகள் சுறுசுறுப்பாக இருந்தால் போதும். மெமரியைத் தாராளமாகப் போட்டார்கள். கோப்பு சட்டென்று திறக்க வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டு போன தலைமுறையுடையது, நடுத்தரம். மின்சாரப் பெட்டியில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அஸ்திவாரத்தில் யாராவது சிக்கனம் பார்ப்பார்களா என்று கடைக்காரரையே திருப்பிக் கேட்டாள். மிச்சம் பிடித்ததெல்லாம் நிறம் மாறாமல் காட்டுகிற நல்ல திரைக்குப் போனது. கொழுந்தன் மட்டும் கடைசி முயற்சியாக, கலர் கலராக விளக்கு எரிகிற விசிறி ஒன்றாவது இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் விசிறியை அவனே திரும்ப வைத்துவிட்டான்.

பாகங்களைக் கொழுந்தன்தான் சேர்த்துப் பூட்டினான். பொத்தானை அழுத்தினார்கள், பல் மருத்துவமனை திரையில் வந்தது. அவள் மெதுவாகத் திருப்பினாள். திரும்பியது. வேகமாகத் திருப்பினாள். கையோடு கூடவே வந்தது, நாய்க்குட்டி மாதிரி. கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வெளிப்பெட்டியை மட்டும் அவள் யாரையும் கேட்காமல் தானே தேர்ந்தெடுத்திருந்தாள். மேஜைக்குக் கீழே, இழுப்பறைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அளவுநாடாவால் அந்தச் சந்தை அளந்து, அதே அகலத்துக்கு ஒரு பெட்டியைக் கடை கடையாகத் தேடிப் பிடித்திருந்தாள். உள்ளே தள்ளியபோது கைக்கு உறை போட்டதுபோலப் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு தாள்கூட நுழையாது. அப்படியே ரசித்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டுக் காட்டி, ஃபோனில் படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பினாள்.

சனிக்கிழமைக்கு ஒரு படம் தயார் பண்ண நினைத்தாள். வாசலில் ஆரம்பித்து, அறை அறையாக நடந்து, மாடி ஏறி முடிகிற படம். முழுசாகத் தீட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை காலையில் தட்டிவிட்டுச் சமையலுக்குப் போனாள். சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். மதியம் வந்து பார்த்தால் திரை கறுப்பு. இயந்திரம் அணைந்து கிடந்தது. இயந்திரத்தைத் திரும்பப் போட்டால், பாதியில் அறுந்த அந்தப் படம் திறக்கவே மறுத்தது. மறுபடி ஆரம்பித்தால் சனிக்கிழமை மதியம்தான் முடியும். டாக்டர் வரச் சொன்னதோ காலையில்.

குனிந்து பெட்டியைத் தொட்டாள், கை சுட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இடமும் வலமும் பின்னும் அடைத்து, அது வெளியே விட்ட சூடான காற்றையே அதைத் திரும்பத் திரும்பக் குடிக்க வைத்திருக்கிறாள். ஃபோனில் விஷயத்தைக் கேட்ட கொழுந்தன் வேலை முடிந்து நேராக வந்தான். மேஜைக்கடியில் தலையை விட்டுப் பார்த்தான். தலையை வெளியே எடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னால நாலு விரல் இடம் விடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு அண்ணி?"

"சிரிக்கிறதுன்னா சிரிச்சுடு. அப்புறம் யோசிப்போம்."

சிரித்து முடித்தான். பிறகு இருவரும் ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து யோசித்தார்கள். மறுபடியும் அவளுக்கு அந்த நாற்காலி கண்ணில் ஆடியது. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. முதலாளி சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தாள். ஏதோ தோன்றி, வெளியே இழுத்து வைத்திருந்த இயந்திரத்தில் கட்டடத்தைத் திறந்து திருப்பினாள். அது கையோடு வந்தது.

"படம் எதுக்கு?" என்றாள் திடீரென்று. "இதையே தூக்கிட்டுப் போயிடலாம்."

சனிக்கிழமை காலை, இயந்திரத்தைப் போர்வையில் சுற்றி டாக்ஸியின் பின் இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான் கொழுந்தன். அவள் முன்னால் உட்கார்ந்து திரையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லாதவரா என்று கேட்டார். நேற்றுக் காய்ச்சல் இருந்தது, இன்றைக்குப் பரவாயில்லை என்றான் கொழுந்தன்.

டாக்டர் அவர்களைத் தன் அறைக்கே அழைத்துப்போனார். பெரிய அலுவலகத்தின் படம் முந்தின நாளே வந்திருந்தது. அதை இவளுக்கும் போட்டுக் காட்டினார். பிரமாதமான படம். பின்னணியில் இசை, ஜன்னலில் சாயங்கால வெயில், பூச்செடி அசைந்தது. டாக்டர் அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து ரசித்தார். அப்புறம் இவள் பக்கம் திரும்பி, உங்களுடையது எங்கே என்றார்.

"என்னோடதுல பாட்டு இல்ல டாக்டர். பூச்செடியும் இல்ல. நீங்க எங்க நிக்கணும்னு சொல்லுங்க, அங்க கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்து, நோயாளியின் சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்துக்கொண்டார். இப்படிப் படுத்திருந்தால் புதுக் கட்டடத்தில் என்ன தெரியும் என்று கேட்டார். மில்லிமீட்டர் திருப்பினாள். கூரையும், கழுவும் அறையின் கதவும் தெரிந்தன. கதவு திறந்தால் உள்ளே இருக்கிற ஊசிகளும் இடுக்கிகளும் வரிசையாகத் தெரியுமே என்றார் டாக்டர். அதைப் பார்த்தால் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். அவள் அங்கேயே, அப்போதே, கதவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினாள். இயந்திரம் முனகக்கூட இல்லை. அப்படியென்றால் உதவிப் பெண்ணுக்கு நடை கூடுமா? அவளையே கூப்பிட்டுக் கேட்டார்கள். தட்டோடு வந்த பெண், திரையில் தன் வழியை விரலால் நடந்து பார்த்துவிட்டு, நடை அதிகமாகாது, ஆனால் திருப்பத்தில் முழங்கை இடிக்கும் என்றாள். மூலையைச் சீவிவிட்டாள் மில்லிமீட்டர். அதற்குள் வெளியே முதல் நோயாளி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்து, கழிப்பறை எங்கே என்று தன் பங்குக்குக் கேட்டார்.

டாக்டர் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே சொன்னார். "அவங்க படம் அழகுதான். ஆனா நான் எங்க நின்னு பார்க்கணும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. சரி, எப்ப ஆரம்பிக்கறீங்க?"

அன்று ராத்திரி வீட்டில் பட்டாணிதான் சாப்பாடு. டம்ளர், கிண்ணம், டீ கப் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஊற வைத்திருந்தார் கணவர். அண்ணி சும்மா இருந்த பட்டாணிதான் நன்றாக வெந்திருக்கிறது என்று கொழுந்தன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை அவள் முதலாளிக்கு ஃபோன் போட்டாள். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்கு எட்டியிருந்தது. மிட்டாயை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"என்ன, நாற்காலியப் பத்திக் கேட்கவா கூப்பிட்ட?"

"ஆமா சார். அதை எனக்கே குடுத்துடுங்க. இங்க இன்னும் ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, அடங்கினார்.

"சக்கரம் ஒண்ணு உடைஞ்சிருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார். உயரம் எனக்குச் சரியா இருக்கும்."